பிரபுவுக்குப் போர்த்திய பொன்னாடை

நன்றி என்பது காரியம் முடிந்த பிறகு சொல்வது. இது தெரியாத வயதில் நான் இருக்கவில்லை, நாற்பது நடந்துகொண்டிருந்தது. இருந்தும், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு பிரெஞ்சுப் பிரபுவை சோபாவிலிருந்து எழுப்பி நிறுத்தி, அவர் செய்யாத உதவிக்காக, செய்கிறேன் என்று ஒரு வாய்ச்சொல்கூடச் சொல்லாத உதவிக்காக, அவருடைய தோளில் பொன்னாடை போர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் படம் எடுத்தார். நான் கைதட்டினேன். அறையில் கைதட்டிய ஒரே ஆள் நான்தான் என்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. மோர்டனில் எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி பட்லர் வேலைக்கு டிப்ளோமா படிக்கிறாள். அதற்கும் டிப்ளோமா வந்துவிட்டது. பட்டமளிப்பு விழாகூட உண்டாம். தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பேட்டி காணச் சொல்லியிருக்கிறார்கள் என்று தொலைபேசியில் கூப்பிட்டாள். “அங்கிள், கிளையன்டோட பவுண்டரீஸை எப்பிடி மெயின்டெயின் பண்ணினீங்க?” என்றாள். என் காலத்தில் கிளையன்ட் என்று யாரும் இருக்கவில்லை, எசமான்தான் இருந்தார். எல்லை இருந்தது. அதைப் பராமரிக்கும் வேலையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். “எழுதி அனுப்பிறன் பிள்ளை” என்றேன். இதுதான் அது. இதற்கு அவளுக்குப் புள்ளி கிடைக்குமோ தெரியாது.

யாழ்ப்பாணத்தில் நான் சரித்திர வாத்தியார். பிரெஞ்சுப் புரட்சி என் விசேஷம். பிரபுக்களின் தலைகள் உருளும் இடத்தில் குரலை ஒரு படி உயர்த்துவேன். பின்வரிசை வாங்கில் நித்திரை கொள்கிறவர்களும் எழும்பிவிடுவார்கள். பிறகு கணக்கியல் படிக்கவென்று லண்டன் வந்தேன். படித்ததை விடப் பெட்ரோல் அடித்தது கூட. அதன்பின் ஒரு ஹோட்டலில் முதலில் தட்டு, பிறகு மேசை, பிறகு அறைகள். அங்கே ஞாயிறுகளில் தேநீர் குடிக்க வரும் ஒரு வயதான ஆங்கிலேய பட்லர், நான் கோப்பையைச் சத்தமில்லாமல் வைப்பதைக் கவனித்து, கென்சிங்டனில் தான் விட்டுப்போகும் இடத்துக்கு என்னைக் கேட்டார். மூன்று மாதம் கூட வைத்துப் பழக்கினார். அவர் கற்பித்ததன் சாரம் இது: வரவேற்பறைக் கதவைத் தட்டாதே, நேரே உள்ளே போ. தட்டினால், உள்ளே தட்டவேண்டிய மாதிரி ஏதோ நடக்கிறது என்று நீ நினைத்ததாக ஆகிவிடும்.

அந்த வீட்டுக்காரர்தான் பிரபு. பெயரைச் சொல்லமாட்டேன், தொழில் ஒழுக்கம். மேலும், முழுப்பெயரையும் எழுதினால் இந்தக் கட்டுரையில் வேறொன்றுக்கும் இடமிராது. வீட்டில் நாங்கள் பிரெஞ்சு முறையில் ‘மொசியே’, அதாவது ஐயா, என்போம். என் மனைவி புஷ்பம் ‘உங்கடை ராசா’ என்பாள். நான் வகுப்பில் குரல் உயர்த்தி உருட்டிய தலைகளில் ஒன்று அவருடைய பாட்டனாரின் பாட்டனாருடையது. சேர்ந்த கிழமையே, மண்டபத்தில் தொங்கிய அந்த மனிதரின் ஓவியத்தை நான் தூசி தட்டினேன். கழுத்து நல்ல நீளம்.

தலை போனதே தவிரத் தொகுதி போகவில்லை. மேற்கே கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். அதன் மேயர் பதவியை அந்தக் குடும்பம் காணி உறுதிப் பத்திரம் மாதிரித் தகப்பனிடமிருந்து மகனுக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இவர் இருபதுகளில் மேயர். முப்பதுகளில் நாடாளுமன்ற உறுப்பினர். எண்பத்தொன்றில் இடதுசாரிகள் வென்றபோது ஆசனம் போயிற்று. மனைவி ஆங்கிலேயச் சீமாட்டி. கென்சிங்டன் வீடு அவருடைய தகப்பனார் விட்டுப்போனது. தோற்ற பிரபு அந்த வீட்டில் வந்து இருந்துகொண்டு, மேயர் பதவியை மட்டும் விடாமல், சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புவார். விருந்துகளில் தன்னை ‘அரசியல் அகதி’ என்று சொல்லிக்கொள்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சூப் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமைப் பெட்டி என் பொறுப்பு. கீழே சப்பாத்து, உள்ளே காலுறை அடைத்து. அதன்மேல் ஷேர்ட்டுகள், கொலர்கள் எதிரெதிர்த் திசையில். எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லிய தாளுக்குள், பதவிப் பட்டை. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறம், நுனியில் பொற்குஞ்சம், வலத்தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்கே விழும். மேயர் அணியும்போது நீலம் கழுத்துப் பக்கம் வரவேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் அணியும்போது சிவப்பு. பட்டில் ஸ்திரிக்கை நேரே படக்கூடாது. மேலே பருத்தித் துணி விரித்துத் தேய்க்கவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டாலும் நீலம் கழுத்துக்கு வருகிற மாதிரி மடிப்பேன். எண்பத்தாறில் அவருடைய கட்சி வென்று ஆசனமும் திரும்பக் கிடைத்தபோது, அவர் ஊரிலிருந்து தொலைபேசியில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “இனிச் சிவப்பும் பார்த்துக்கொள்ளுங்கள்.” அதை நான் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டேன். மன்னராட்சியைக் கவிழ்த்தவர்களின் நிறத்தை, அவர்கள் தலை வாங்கிய குடும்பத்துக்கு ஸ்திரி போட்டுக் கொடுக்கும் சரித்திர வாத்தியார் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. கோப்பையைக் கொண்டுபோனால் நன்றி. எடுத்துக்கொண்டு போனால் நன்றி. ஒருநாள் நான் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்கப் புஷ்பம் வந்தபோது, வாசித்துக்கொண்டிருந்தவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார். எங்கள் கல்லூரி அதிபர் வாத்தியாரின் மனைவிக்காக எழும்பி நான் கண்டதில்லை. ஒரு கிழமை இதையே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“எழும்பினவர், சரி” என்றாள் புஷ்பம். “பிறகு திரும்பக் கதிரையிலை இருந்தவர்தானே?”

அவர் என்னிடம் கேட்காத விஷயம் ஒன்றே ஒன்று: என்னைப் பற்றி. பழைய பட்லர் முன்கூட்டியே விளக்கியிருந்தார். வேலைக்காரனின் சொந்தக் கதையை விசாரிப்பது அந்த வர்க்கத்தில் அநாகரிகம். அவனுடைய அலுமாரியைத் திறந்து பார்ப்பது மாதிரி. எண்பத்துமூன்று ஆடியில், கொழும்பில் எங்கள் சனத்தின் வீடுகள் எரிகிற படம் பத்திரிகையில் வந்த காலை, மொசியே அந்தப் பக்கத்தை உள்ளே போகும்படி மடித்து என் கண்ணில் படாமல் வைத்தார். அது அவருடைய துக்கம் விசாரிப்பு. நான் அதையும் மெச்சினேன்.

எண்பத்தாறுத் தேர்தலுக்கு முன் தன்னோடு ஊருக்கு வரச் சொன்னார். என்னிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட். பிரெஞ்சு விசாவுக்கு எங்கள் ஆட்கள் விடியமுன் போய் நின்று, பின்னேரம் வெறுங்கையோடு திரும்புகிற காலம். மொசியே போனை எடுத்தார். யாரோ ஒருவருடைய மகளின் பரீட்சை எப்படி என்று விசாரித்தார். வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் என் பாஸ்போர்ட்டில் விசா. ஒரு போன். இதை நான் மறக்கவில்லை என்பதை வாசகர் நினைவில் வைக்கவேண்டும்.

அவருடைய ஊரில், ஞாயிறு, தேவாலயப் பூசை முடிந்ததும், நகரசபைக் கட்டடத்தின் நீள வாங்கில் சனம் இருந்தது. ஒருவர் கையில் முட்டை, ஒருவர் கையில் தோலுரித்த முயல், ஒருவர் கையில் போத்தல். மொசியே பட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முழங்கால் எப்படி? மாடு கன்று போட்டதா? மருமகன் குடியை விட்டானா? கடைசியில், அதே தொனியில்: “நான் உங்களுக்கு என்ன செய்யலாம்?”

எனக்குப் புல்லரித்தது. இது எங்கள் எம்.பி. வீட்டு விறாந்தை! அங்கேயும் இதே முறைதான். வாழைக்குலையோடு போய் இருப்போம். மழையைப் பற்றிக் கதைப்போம், குலையைப் பற்றிக் கதைப்போம். வந்த அலுவலை மட்டும் நாங்களாக எடுக்கமாட்டோம். அவர்தான், “என்ன, ஏதும் அலுவலோ?” என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டாரென்றால் பாதி முடிந்தது. கேட்கமுன்னர் தானாகத் தொடங்குகிறவன் வளர்ப்பில்லாதவன். இரண்டு சாதிப் பெருமைகளும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பள்ளியில் படித்திருக்கின்றன என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், அந்த வாங்கில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே வோட்டு இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம். மொசியே இப்போது துணை அமைச்சர். கிழமை நாட்களில் பாரிஸ். வெள்ளி இரவில் கென்சிங்டனுக்கு வருவார்; சனிக்கிழமை பெட்டியோடு ஊர், சில கிழமைகளில் மட்டும் ஞாயிறும் லண்டன். என் தம்பி குணமும் பாரிஸில்தான் இருந்தான், ஓர் உணவகத்தின் கீழ்த்தளத்தில் தட்டுக் கழுவிக்கொண்டு. அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், மேன்முறையீட்டையும் நிராகரித்துவிட்டார்கள். நாட்டை விட்டுப் போ என்று உத்தரவு. போவதென்றால் கொழும்புக்கு. அந்தக் காலத்தில் கொழும்பில் இறங்குகிற யாழ்ப்பாணத்து இளந்தாரிக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், விண்ணப்பத்தை நிராகரித்தவர்களைத் தவிர.

“அண்ணை, இஞ்சை ஒரு லோயர் இன்னொரு மனு போடலாம் எண்டுறார்” என்றான் தொலைபேசியில். “போடட்டோ?”

“கொஞ்சம் பொறடா. நான் பெரிய இடத்திலை கதைக்கிறன். பேப்பருக்கு மேலை பேப்பர் போட்டால் அவைக்கு எரிச்சல் வரும்.”

“கதைச்சிட்டியளோ?”

“கதைக்கிறன் எண்டு சொல்லுறனெல்லே.”

அவன் பொறுத்தான். என்னை விட எட்டு வயது இளையவன். நான் சொன்னால் பொறுப்பான்.

நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். புதுவீடு குடிபூரலுக்கு மொசியேயை அழைத்தேன். வருவார் என்று புஷ்பம் நம்பவில்லை. அவரோ, குடியானவர் வீட்டு ஞானஸ்நானம் ஒன்றையும் தவறவிடாத பரம்பரை. ஒரு ஞாயிறு மத்தியானம், தன் சொந்தத் தோட்டத்து வைனோடு வந்து இறங்கினார். தெரு முழுக்க யன்னல் திரை விலகியது. சோற்றைக் கையால் பிசைந்தார். நண்டுக் காலை எங்களை விடத் திறமாக உடைத்தார். கடலோரத்து ஆள் அல்லவா. இரண்டாம் முறையும் கறி கேட்டு வாங்கினார். எங்கள் ஊரில் ஒரு பெரிய மனிதர் உன் வீட்டில் கை நனைத்துவிட்டால் அதன் பொருள் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. கை நனைக்க மறுத்ததற்காக ஊருக்கு ஊர் கலியாணங்கள் நின்றிருக்கின்றன.

நான் காத்திருந்தேன். நண்டைப் பற்றிப் பேசினார். லண்டன் மழையைப் பற்றிப் பேசினார். வெளியே எட்டிக் கூரையைப் பார்த்து ஓடு நல்லது என்றார். இதோ இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று என் முகத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனபோது புஷ்பம் அகப்பையோடு மறித்தாள். “கேட்டனீங்களோ?”

“இப்ப கேக்கப்படாது. அவர் தானாக் கேப்பார்.”

“அவர் இன்னுமொருக்காக் கறிதான் கேப்பார். இஞ்சாருங்கோ, பொடியன் அங்கை பயந்து சாகிறான். வாயைத் திறந்து, என்ரை தம்பியைக் காப்பாத்துங்கோ எண்டு சொல்லுங்கோ. இங்கிலீசிலை அதுக்குச் சொல் இல்லையோ?”

“வாங்கி வைச்ச பொன்னாடையைப் போர்த்தினால் பிறகு அவர் சும்மா போக ஏலாது. கடமைப்பட்டிடுவார்” என்றேன்.

போர்த்தினேன். அவர் மிக மரியாதையாகத் தலை குனிந்து, சரிகையை விரலால் தொட்டுப் பார்த்து, “எந்தப் பக்கம் கழுத்துக்கு வரவேண்டும்?” என்று கேட்டார். அன்று அவர் என்னைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அவர் கோட்டை வாங்கிப் பிடிக்கிற நேரம், வளர்ப்பைச் சற்று ஒதுக்கிவைத்துச் சொன்னேன்: “என் தம்பி பாரிஸில் இருக்கிறான், மொசியே.”

“ஆ, பாரிஸ். அதிர்ஷ்டசாலி.”

“அவனுடைய பத்திரங்கள் கொஞ்சம் சிக்கலில் இருக்கின்றன.”

“பிரான்சில் பத்திரங்கள் எப்போதும் சிக்கல்தான், நண்பரே. என் சொந்த வீட்டுக்குக் கூரை மாற்ற அனுமதி கேட்டு நான்கு வருடம் ஓடிவிட்டது.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கார் போனது. காதில் போட்டாயிற்று என்று புஷ்பத்திடம் சொன்னேன். ‘நண்பரே’ என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னேன்.

அந்த மாதக் கடைசியில் கென்சிங்டனில் விருந்து. தம்பியின் கோப்பு கிடந்த திணைக்களத்தின் உயர் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மொசியேயோடு ஒன்றாகப் படித்தவர். நான் மீனோடு நின்றேன். பேச்சு அகதிகள் பக்கம் திரும்பியது. என் கையில் தட்டு ஆடவில்லை என்றால் அது பழைய பட்லரின் பயிற்சி.

“இரக்கம் தனி மனிதனுக்கு அழகு” என்றார் மொசியே. “அரசாங்கத்துக்கு அது ஒரு வியாதி. ஒருவனை உள்ளே விட்டால் அவனுடைய ஊரையே விடவேண்டும்.”

அதிகாரி தலையாட்டி, இன்னும் கொஞ்சம் மீன் எடுத்தார். மொசியே என்னை நிமிர்ந்து பார்த்து, நன்றி என்றார். இது மற்றவர்களைப் பற்றிய பேச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சோஸை அடுத்தவரிடம் கொண்டுபோனேன். அந்த மேசையில் எனக்கும் அந்த அதிகாரிக்கும் இடையில் ஒரு மீன் தட்டின் அகலம்தான் இருந்தது. விருந்தில் யாரும் கேட்காமல் பேசக்கூடாது என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். நன்றாகத்தான் பழக்கியிருந்தார்கள்.

குணத்தைப் பாரிஸ் சுரங்க ரயில் வாசலில் பிடித்தார்கள். அவனோடு அறையில் இருந்த பொடியன் எனக்குப் போன் எடுக்கும்போது விமானம் போய்விட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவனை அங்கேயே வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டரை வருடம் உள்ளே. வெளியில் வந்தபோது வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. இப்போது வவுனியாவில் இருக்கிறான். சட்டை போட ஒருவர் உதவவேண்டும். உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால், கேட்பவர்கள் கடவுள் புண்ணியம் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்தப் பெரிய இடத்தில் நான் என்ன கதைத்தேன் என்று அவன் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் குடும்பத்து வளர்ப்பு.

செய்தி வந்த அந்தக் கிழமையும் சனிக்கிழமை வந்தது, பெட்டியும் வந்தது. என் வாழ்நாளின் ஒரே பழிவாங்கலை அன்று செய்தேன். பட்டையைத் தலைகீழாக, சிவப்புக் கழுத்துக்கு வரும்படி மடித்து வைத்தேன். ஊர் முன்னால் மேயர் தவறான நிறத்தோடு நிற்கட்டும். அடுத்த வெள்ளி திரும்பி வந்தவர் ஒரு சொல் சொல்லவில்லை. அங்கே தானே திருப்பிப் போட்டிருக்கவேண்டும். மறுநாள் பெட்டி மூடமுன்னர் வந்து, தாளை விலக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. நன்றி சொன்னார்.

ஏன் வேலையை விடவில்லை என்று கேட்கலாம். புஷ்பம் கேட்டாள். வீட்டுக்கடன் இருந்தது, அது நல்ல காரணம். உண்மையான காரணம், நான் புரட்சியைப் படிப்பித்தவனே தவிரச் செய்தவன் அல்ல.

எண்பத்தெட்டில் அவர் அரசு கவிழ்ந்தது, ஆசனமும் போயிற்று. தொண்ணூற்றுமூன்றில் மறுபடி வென்றார்; சிவப்பு திரும்பி வந்தது. பிறகு நெஞ்சுவலி. தொண்ணூறுகளின் நடுவில், கென்சிங்டனில், தன் படுக்கையில், தலை உடலோடு இருக்க இறந்தார். அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் அதுவும் ஒரு முன்னேற்றம். பத்திரிகைகள் கனவான் என்று எழுதின. பொய்யில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன், என்னைக் கேட்கவில்லை.

லண்டனில் உள்ள பிரெஞ்சுத் தேவாலயத்தில் பூசை வைத்தார்கள். நானும் புஷ்பமும் கடைசி வாங்கில் இருந்தோம். முடிந்து வெளியே வரும்போது சீமாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். அத்தனை வருடத்தில் அவர் என் கையைத் தொட்டது அன்றுதான். அழுதிருந்தார்.

“அவர் உங்களைப் பற்றி எங்கே போனாலும் சொல்வார்” என்றார். “வாழ்நாள் முழுக்க அவரைச் சந்தித்த எல்லோரும் அவரிடம் ஏதாவது கேட்டார்கள். வேலை, சலுகை, சிபாரிசு. ‘என் வீட்டில் இருக்கிற இந்த மனிதர் ஒருவர்தான் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை’ என்பார். அதற்காக உங்கள்மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு.”

நான் தலை குனிந்தேன். “நன்றி, மேடம்” என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

சுரங்க ரயிலில் ஏறி இடம் பிடிக்கும்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

“கேட்டீரே அவ சொன்னதை?” என்றேன். “நான் ஒண்டும் கேக்கேல்லையாம்! ஒருநாளும் கேக்கேல்லையாம்!”

புஷ்பம் குனிந்து, காலைக் கடித்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவ சொன்னதிலை என்ன பிழை?” என்றாள். “நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?”